மரகதம் அடைத்ததும் திறந்ததும்

சேலம் அஸ்தம்பட்டி அலுவலகத்தில் அன்று காலை பையை வைத்துவிட்டு, முந்தைய நாள் மிச்சமிருந்த புகார்களைப் பார்க்கத் தொடங்கியிருந்தேன். மரகதத்தின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அந்த நேரத்தில் அவர் அழைப்பதில்லை. எடுத்தால் வேறொரு குரல்.

"ஏனுங்க, கோமதிங்களா? நான் புதுச்சத்திரத்துல இருந்து பாவாயி பேசறேன். மரகதம் குடியிருக்கற ஊட்டுக்காரி."

"சொல்லுங்கம்மா."

"புள்ள தவறிப்போச்சு சாமி. காத்தால கதவு தொறக்கலியேன்னு ஆளக் கூட்டியாந்து பாத்தோம். டாக்டரு வந்து, தூக்கத்துலயே நெஞ்சு நின்னுருச்சுன்னு சொல்லிப்போட்டாரு. அவ தம்பிக்குச் சொல்லியாச்சு. அவன் கர்னூல் பக்கம் போர்வெல் வண்டியில இருக்கறானாம். வந்து சேரச் சாயங்காலம் ஆயிருமாம். அதுவரைக்கும் கூட இருக்க நீங்க வருவீங்கன்னு அவந்தான் சொன்னான்."

வருகிறேன் என்றேன். வேறு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. கணினித் திரையில் பாதி படித்த புகார் அப்படியே இருந்தது. பக்கத்து மேசையில் இருப்பவர்கள் எல்லாம் புதியவர்கள். மரகதம் என்ற பெயரைச் சொன்னால் யார் என்று கேட்பார்கள். யாரிடமும் சொல்லாமல் நாமக்கல் பேருந்தில் ஏறினேன்.

எங்களோடு வேலை பார்த்து அவரை அறிந்த நீங்கள் இன்று சங்ககிரியிலும் பரமத்தியிலும் திருச்செங்கோட்டிலும் வேறு வேறு வேலைகளில் இருக்கிறீர்கள். பாதிப் பேர் பெங்களூருக்குப் போய்விட்டீர்கள். உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். சேர்ந்து உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேச நமக்கு இனி ஓர் அறை இல்லை.

கேபிள் டிவி நடத்திய சிலர் சேர்ந்து இன்டர்நெட் இணைப்பு கொடுக்கத் தொடங்கிய காலத்தில், அந்த நிறுவனத்தில் நாங்கள் இருவரும் ஒரே மாதத்தில் சேர்ந்தோம். அவர் சேலத்துக் கட்டுப்பாட்டு அறையில். நான் என் சொந்த ஊரான ஆத்தூரில், கிளை அலுவலகத்தில். எங்களுக்கு ஒரே வயது, ஒரே டிப்ளமோ படிப்பு. பல மாதங்கள் குரலை மட்டுமே அறிந்திருந்தோம். இணைப்புக்கு வழிகாட்டும் பெட்டியான ஆத்தூர் ரவுட்டரை நான் அணைத்துப் போட வேண்டும் என்றால் அவரிடம்தான் கேட்க வேண்டும்.

ரவுட்டர்கள் பேசிக்கொள்வதை அவர் சொல்லிக் கேட்டவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நாம் அனுப்பும் படமும் பாட்டும் பணமும் சிறு சிறு பொட்டலங்களாகத்தான் போகின்றன. அவற்றுக்கு நடுவே ரவுட்டர்கள் தங்களுக்குள் சில சேதிகளை அனுப்பிக்கொள்கின்றன. இருக்கிறாயா என்று ஒன்று கேட்கும்; இருக்கிறேன் என்று மற்றது சொல்லும். இந்த வழி அறுந்துவிட்டது, இந்தப் பொட்டலம் சுற்றிச் சுற்றியே ஆயுளை முடித்துவிட்டது, நீ கேட்ட இடத்துக்குப் போக முடியவில்லை. வாடிக்கையாளர் யாரும் இந்தச் சேதிகளைப் பார்ப்பதில்லை. இவற்றுக்காக யாரும் நமக்குப் பணம் கட்டுவதும் இல்லை. மரகதம் நாள் முழுவதும் இவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போய்ச் சேரலைன்னு ஒண்ணு திரும்பி வந்து சொல்லுதே, அதுதானுங்க எனக்குப் புடிச்ச சேதி" என்று ஒருமுறை சொன்னார். "சேந்துருச்சுன்னு சொல்றதுக்கு என்ன, யாரு வேணாலும் சொல்லிருவாங்க."

ராசிபுரத்தில் விசைத்தறிக் குடும்பம் அவருடையது. தறிகள் ஓடும்போது காதருகே கத்தினாலும் கேட்காது என்பதால், அங்கே வளர்ந்தவர்கள் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார்கள். இந்தத் திறமையைக் கட்டுப்பாட்டு அறையில் அவர் பயன்படுத்திய விதம் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். மேலாளர் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து யாரிடமோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பார். வெளியே எல்லோரும் பயந்துபோய், யாருக்கு வேலை போகிறதோ என்று பார்த்துக்கொண்டிருப்போம். மரகதம் தலையைத் திருப்பி ஒரு கணம் பார்த்துவிட்டுச் சொல்வார்: "சம்பந்தி ஊட்டுல மாப்பிள்ளைக்கு வண்டி கேக்கறாங்களாமுங்க. நம்ம பேச்சே இல்ல. வேலையப் பாருங்க." அப்படி ஒரு நாள் நான் ஆத்தூரிலிருந்து கூட்டத்துக்கு வந்திருந்தேன். அவரை நேரில் பார்த்த முதல் நாள் அது. குரலை வைத்து உயரமான பெண் என்று நினைத்திருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையில் எட்டாத அளவுக்குக் குள்ளமாக இருந்தார்.

அவர் செய்த நல்லவற்றை மட்டும் எழுதிவிட்டுப் போனால் அவருக்கே பிடிக்காது. ஆத்தூரில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஒருநாள் எங்கள் வலைப்பின்னல் முழுவதும் திணறி நின்றது. எங்கிருந்தோ யாரோ, இருக்கிறாயா இருக்கிறாயா என்று கேட்கும் அந்தச் சேதியையே கோடிக்கணக்கில் எங்கள் ரவுட்டர்கள் மேல் கொட்டினார்கள். பதில் சொல்லியே ரவுட்டர்கள் களைத்துப்போயின. நாமக்கல்லில் முட்டை விலை பார்க்க முடியவில்லை, வங்கிக் கிளைகளில் வரிசை நின்றது, மேலாளர் நின்ற இடத்தில் நிற்கவில்லை. மரகதம்தான் முடிவெடுத்தார். ரவுட்டர்கள் தங்களுக்குள் அனுப்பும் அந்த வகைச் சேதி எதுவானாலும் எல்லா ரவுட்டரிலும் வாசலிலேயே தள்ளிவிடச் சொல்லி எங்களுக்கு உத்தரவு வந்தது.

"எல்லாத்தையுமா மரகதம்? திரும்பி வர்ற பதிலையும் சேத்தா?" என்று கேட்டேன்.

"எல்லாத்தையும்தானுங்க. மொதல்ல மூச்சு வரட்டும். அப்பறமா ஒண்ணொண்ணாத் தெறந்துக்கலாம்."

மூச்சு வந்தது. மேலாளர் அவருக்குச் சால்வை போட்டார். அதன் பிறகு புதுக் கிளைகள், புது இணைப்புகள் என்று வேலை குவிந்தது. அந்த அப்புறம் வரவேயில்லை.

சில மாதங்கள் கழித்துச் சாலை விரிவாக்கத்தில் ஆத்தூர் கேபிள் அறுந்தது. வேறொரு வழியாகச் சுற்றி இணைப்புக் கொடுத்தோம். அதற்குப் பின்தான் ஊரில் இருந்த ஒரு ஸ்கேன் மையத்திலிருந்து புகார் வரத் தொடங்கியது. அவர்கள் எடுக்கும் படங்கள் சேலத்து மருத்துவருக்குப் போகவில்லை. நான் போய்ப் பார்த்தேன். இணையப் பக்கங்கள் திறந்தன, மின்னஞ்சல் போனது. படத்தை அனுப்பினால் மட்டும் தொடக்கத்திலேயே நின்று, பிழை என்றுகூடச் சொல்லாமல் அப்படியே கிடந்தது. கணினியை மாற்றிப் பார்த்தார்கள். ஒயரை மாற்றினேன். சேலத்திலிருந்து பார்த்தவர்களுக்கும் குறை தெரியவில்லை.

அந்த வாரத்தில்தான் ஜவ்வரிசி ஆலைத் தொழிலாளி பெரியசாமி, மூட்டை ஏற்றிய வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். ஸ்கேன் எடுத்தார்கள். படம் போகவில்லை. அறுவை வேண்டுமா என்று சேலத்து மருத்துவர் சொல்வதற்காகக் காத்திருந்து, கடைசியில் ஃபிலிமைக் கையில் கொடுத்து ஆம்புலன்சில் ஏற்றினார்கள். பெரியசாமி பிழைத்தார். வலது கையும் பேச்சும் திரும்பவில்லை. தாமதத்தால்தானா என்று கேட்டதற்கு மருத்துவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

மரகதம் முதல் பேருந்தில் ஆத்தூர் வந்தார். ஸ்கேன் மையத்தின் மூலையில், செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, ஒவ்வோர் அளவாகப் பொட்டலங்களை அனுப்பிப் பார்த்தார். சிறியவை போயின. கொஞ்சம் பெரியவையும் போயின. ஓர் அளவைத் தாண்டியதும் எதுவும் இல்லை. போனது போனதுதான்.

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். "கோமதி, இது நான் அடச்சதுங்க" என்றார்.

எனக்கும் அப்போதுதான் விளங்கியது. சுற்றிப் போகும் அந்தப் புது வழியில் பொட்டலங்கள் சற்றுச் சிறியதாக இருக்க வேண்டும். நடுவழியில் இருந்த ரவுட்டர் ஒவ்வொரு முறையும் ஒழுங்காகச் சேதி அனுப்பியிருக்கிறது: இது பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கி அனுப்பு. கணினிக்கு அந்தச் சேதி கிடைத்திருந்தால் தானே சிறிதாக்கி அனுப்பியிருக்கும். அந்தச் சேதி எங்கள் வாசல் வரை வந்து, மரகதத்தின் உத்தரவுப்படி, அங்கேயே தள்ளப்பட்டிருக்கிறது. கணினி வராத பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

அங்கேயே அந்த ஒரு வகைச் சேதிக்கு வழி திறந்துவிட்டார். நின்றிருந்த படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகத் தொடங்கின. மையத்துப் பெண் கைதட்டினாள். மரகதம் திரும்பிப் பார்க்கவில்லை.

மேலாளர் தொலைபேசியில் சொன்னது எனக்கும் கேட்டது. கேபிள் கோளாறு என்று எழுதி முடித்துவிடுங்கள், யாரும் கேட்கவில்லை, நாமாகப் போய் ஏன் சொல்ல வேண்டும். மரகதம் போனை வைத்தார். பிறகு என்னிடம், "அவங்க ஊடு எங்கன்னு தெரியுங்களா?" என்று கேட்டார்.

கூட்டிக்கொண்டு போனேன். ஆலைக்குப் பின்னால் கூரையில் ஷீட் போட்ட வீடு. பெரியசாமி கட்டிலில் சாய்ந்திருந்தார். அவர் மனைவி அஞ்சலை வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தார்.

"இன்டர்நெட் கம்பெனியில இருந்து வாரோமுங்க" என்றார் மரகதம். "அன்னிக்கி உங்க ஊட்டுக்காரரு ஸ்கேன் படம் சேலத்துக்குப் போவலீங்க. போவாததுக்கு நான் பண்ணி வெச்ச ஒரு வேலைதான் காரணம். தெரிஞ்சு பண்ணலீங்க. ஆனா பண்ணுனது நாந்தான்."

அஞ்சலைக்கு முதலில் புரியவில்லை. "மெசினு ரிப்பேருன்னு சொன்னாங்களே."

"மெசின் நல்லாத்தானுங்க இருந்துது."

"படம் சீக்கிரம் போயிருந்தா இவரு பேசியிருப்பாரா?"

"தெரியலீங்க. டாக்டருக்கே தெரியலைங்கறாங்க."

"அப்ப எதுக்கு வந்து சொல்றீங்க? உங்க மனசு ஆறணும்னா?"

மரகதத்தால் பதில் சொல்ல முடியவில்லை. அஞ்சலை துணியைப் பிழிந்து கொடியில் போட்டார். இன்னொன்றையும் எடுத்துப் பிழிந்தார். "சொல்லிட்டீங்க இல்ல. போங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. கட்டிலிலிருந்து பெரியசாமி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் மட்டும் மெல்ல அசைந்தது. சத்தம் எதுவும் வரவில்லை. மரகதம் அந்த உதடுகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பேருந்து நிலையத்தில் காப்பி வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை. "அவரு என்ன சொன்னாருங்க?" என்று நான் கேட்டேன்.

"படிக்க முடியலீங்க. எத்தனையோ பேரு பேச்சப் படிச்சிருக்கேன். அவருது ஒரு வார்த்தை கூடத் தெரியல."

விஷயம் வெளியே போய்விட்டதால் நிறுவனம் அவரைச் சும்மா விடவில்லை. பெரியசாமி குடும்பத்துக்கு இழப்பீடு கொடுத்தார்கள், மரகதத்தைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து எடுத்துப் புதுச்சத்திரத்துக்கு அனுப்பினார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் ஒற்றை அறை. உள்ளே ரவுட்டர்கள், பேட்டரி வரிசை, ஓயாமல் ஓடும் ஏசி, ஒரு நாற்காலி. இரண்டு பேர் பார்க்க வேண்டிய வேலைகூட இல்லை அது. போவதற்கு முன் அவர் செய்தது ஒன்று உண்டு. எல்லா ஊர் ரவுட்டரிலும், தள்ளிவிடச் சொன்ன சேதிகளை வகை வகையாகப் பிரித்து, தேவையானவற்றுக்கு வழி திறந்து, வெள்ளமாக வந்தால் மட்டும் அளவு குறைக்கும்படி மாற்றி எழுதிவிட்டுத்தான் எழுந்தார். நம் வலைப்பின்னல் இன்றும் அப்படித்தான் ஓடுகிறது.

புது மேலாளர் வந்ததும் திரும்பக் கூப்பிட்டார். மரகதம் போகவில்லை. தண்டனையாக நினைத்து அங்கேயே இருந்தாரா என்று உங்களில் ஒருவர் என்னைக் கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. நான் கேட்டபோது, "இங்க இருந்தா எல்லா ஊருச் சேதியும் என்னத் தாண்டித்தானுங்க போவுது. பாத்துட்டு இருக்கேன்" என்றார்.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனார்கள், தறிகளை விற்றாகிவிட்டது. தம்பி சேகர் போர்வெல் வண்டியில் ஆந்திராவுக்கும் மத்தியப் பிரதேசத்துக்கும் போனால் மழைக்காலத்தில்தான் திரும்புவார். என் கணவர் இறந்த பிறகு நான் மாற்றல் வாங்கிச் சேலத்துக்கு வந்தேன். அந்த நாட்களில் ஒருமுறை மரகதம் சொன்னார்: "தனியா இருக்கறது ஒண்ணும் சிரமமில்லீங்க. தனியா சாப்படறதுதான் சிரமம்." அதன்பின் மதியம் டிபன் டப்பாவைத் திறந்ததும் ஒருவரையொருவர் அழைப்போம். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடுவோம். அதிகம் பேசுவதில்லை. அவர் பக்கம் ஏசி இரைச்சலும் லாரி ஹாரனும் கேட்கும். என் பக்கம் அவருக்கு என்ன கேட்டது என்று நான் விசாரித்ததில்லை. இருவரும் சாப்பிட்டு முடித்து, கழுவி வந்து, "செரிங்க, வேலையப் பாக்கலாம்" என்று சொல்லி வைப்போம். வருடக்கணக்கில் என் மதியங்கள் அப்படித்தான் கழிந்தன.

அன்று நான் புதுச்சத்திரம் போய்ச் சேர்ந்தபோது முன்னறையில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். பாவாயி அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் சிலரும் இருந்தார்கள். யாருக்கும் அவரைப் பற்றி அதிகம் தெரியவில்லை. காலையில் போகும், சாயங்காலம் வரும், வாடகை தவறாது, அவ்வளவுதான் என்றார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களும் அடுப்பைப் பார்க்க, மாட்டைப் பார்க்க என்று எழுந்து போனார்கள். நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன்.

சேகர் அழைத்தார். கார் பிடித்து வந்துகொண்டிருந்தார். "அனந்தப்பூர் வந்துட்டேனுங்க. அக்காட்டச் சொல்லிருங்க."

முதலில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்கா இறந்தது அவருக்குச் சரியாகச் சொல்லப்படவில்லையோ என்று நினைத்தேன். அவருக்கு அது புரிந்திருக்க வேண்டும். "தெரியுமுங்க" என்றார். "எப்பவும் எந்த ஊரு எந்த ஊருன்னு கேட்டுட்டே இருக்கும். சொல்லாம வந்து பழக்கமில்லீங்க. அதான்."

போனை வைத்துவிட்டுக் குனிந்து, "சேகர் அனந்தப்பூர் வந்துட்டாருங்க" என்றேன். அந்த அறையில் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

பெங்களூரைத் தாண்டியதும் சொன்னார். ஓசூரில் சொன்னார். கிருஷ்ணகிரியில் டோல்கேட்டில் நிற்பதாகச் சொன்னார். ஒவ்வொன்றையும் மரகதத்திடம் சொன்னேன். இடையில் பாவாயி அம்மா வந்து, யாரிடம் பேசுகிறேன் என்று எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் காப்பியை வைத்துவிட்டுப் போனார். தோப்பூரில் லாரி கவிழ்ந்து வழி நின்றது. "எப்பப் போவும்னு தெரியலீங்க, அதையும் சொல்லிருங்க" என்றார் சேகர். அதையும் சொன்னேன். இத்தனை வருடங்களில் நாங்கள் ஒருவரையொருவர் வாங்க போங்க என்று மட்டுமே பேசியிருக்கிறோம். அப்போது என்னை அறியாமல், "தம்பி வந்துருவான் மரகதம், கொஞ்சம் இரு" என்று சொல்லிவிட்டேன்.

வெயில் தாழ்ந்த பிறகு சேகர் வந்தார். மண்ணும் ஆயிலும் படிந்த சட்டையோடு வாசலில் நின்று, உள்ளே வராமல் என்னைத்தான் முதலில் பார்த்தார்.

"எல்லாஞ் சொன்னீங்களா?"

"சொன்னேங்க. தோப்பூர்ல நின்னதையும் சொன்னேன்."

தலையை ஆட்டினார். அதன்பிறகுதான் உள்ளே வந்து அக்காவின் காலருகே உட்கார்ந்து அழுதார். இருட்டுவதற்குள் எடுத்தார்கள். ராசிபுரத்து உறவினர் சிலர் வந்திருந்தார்கள். நிறுவனத்திலிருந்து மாலை ஒன்று வந்தது. கொண்டுவந்த ஆளுக்கு அவர் முகம் தெரியாது.

மரகதத்தின் பொருளாக எதையும் நான் எடுத்து வரவில்லை. சேகர் கேட்டார், வேண்டாம் என்றேன். என்னிடம் இருப்பது வேறு. நேற்று பரமத்தியிலிருந்து ஒரு கோழித் தீவனக் கடைக்காரர் மூன்றாம் முறையாகப் புகார் செய்திருந்தார். நாள் முழுவதும் தேடியும் காரணம் தெரியவில்லை. போனை எடுத்து, "என்னன்னு இன்னும் தெரியலீங்க, எங்க பக்கம் தப்பாவும் இருக்கலாம், தேடிட்டு இருக்கேன்" என்று சொன்னேன். அவர் சத்தம் போட்டார், நியாயமாகத்தான். கேட்டுக்கொண்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், யாரும் கேட்கவில்லை. ஆனால் அஞ்சலை வீட்டு வாசலில், ஈரத் துணிகளுக்கு முன்னால், மரகதம் பதில் இல்லாமல் நின்ற இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். அந்த நிற்பைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.